கவசத்தின் தரமும் அணிபவரின் உடலும்: சித்தூர், திருப்பதி தொழிலிடங்களை முன்வைத்து

தொழிலாளி அணியும் தலைக்கவசம், முகக்கவசம், கையுறை, காலணி, மேலங்கி ஆகியவை எந்த ஆபத்தை எந்த அளவு வரை தாங்க வேண்டும் என்று வரையறுத்து, அதைச் சோதிக்கும் முறையையும், தேறாத பொருளை ஒதுக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்வது பாதுகாப்புத் தரநிலை. ‘உறுதியான காலணி அணிக’ என்பது அறிவுரை. காலணியின் விரல் மூடி 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும் என்பது தரநிலை. பாதுகாப்புக் காலணிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15298-இன் இரண்டாம் பகுதி அப்படித்தான் சொல்கிறது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுந்தால் உண்டாகும் மோதலே அந்த 200 ஜூல். எண் இருந்தால்தான் வாங்குபவர் கேட்க முடியும், ஆய்வாளர் சோதிக்க முடியும், விபத்துக்குப் பிறகு நீதிமன்றம் பொறுப்பை நிர்ணயிக்க முடியும்.

இந்த எண்கள் உழைக்கும் உடலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கச் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் தக்க இடம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. அதுவரை அதன் பெரும்பகுதி பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. குப்பத்தைச் சுற்றிக் கிரானைட் குவாரிகள், சித்தூரைச் சுற்றி மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும், நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிகள், திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் பேட்டரி ஆலை, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழில் நகரம், ஊருக்கு ஊர் பால் குளிரூட்டும் நிலையங்கள். சில மணி நேரப் பயணத்துக்குள் கல்தூசு, ஈயம், அம்மோனியா, பூச்சிக்கொல்லி, தொட்டி நச்சுவாயு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆபத்துகள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக வெயில்: மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். கவசத்தின் துணி, பிளாஸ்டிக், வடிகட்டி ஆகியவற்றை அளப்பதில் தரநிலைகள் நன்கு தேறிவிட்டன. அதை அணிந்து வெயிலில் எட்டு மணி நேரம் உழைக்கும் ஆளை அளப்பதில் அவை மிகவும் பின்தங்கியிருக்கின்றன. இந்த இரு மாவட்டங்களின் ஒவ்வொரு தொழிலிலும் அந்தக் குறை வேறுவேறு வடிவில் தெரிகிறது.

இந்தியாவில் தரநிலை எழுதும் பணி சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது. இந்தியத் தரநிலைக் கழகம் 1947 ஜனவரி 6 அன்று உருவானது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் இடத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வந்து, 1987 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது. மக்கள் அதை பிஐஎஸ் என்றும், அதன் முத்திரையை இன்றும் ஐஎஸ்ஐ என்றும் சொல்கிறார்கள். தொழில்வாரியான குழுக்களில் உற்பத்தியாளர், ஆய்வகத்தார், அரசுத் துறையினர், பெரிய பயனாளர் நிறுவனங்கள் ஆகியோர் அமர்ந்து வரைவை எழுதுகிறார்கள். வரைவு பொதுக் கருத்துக்குச் சுற்றுக்கு விடப்பட்டு, திருத்தப்பட்டு, எண் பெற்று வெளியாகிறது. தொழிலகத் தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 2925, உயரத்தில் வேலை செய்பவரின் இடுப்பு, தோள் வார்களுக்கு ஐஎஸ் 3521, தூசு வடிகட்டும் அரைமுகக் கவசத்துக்கு ஐஎஸ் 9473 என்று பட்டியல் நீளமானது.

வெளியானதாலேயே ஒரு தரநிலை கட்டாயமாகிவிடாது. மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தால்தான் முத்திரையில்லாப் பொருளை விற்பது குற்றமாகும். பாதுகாப்புக் காலணிக்கு அப்படியோர் ஆணை 2020-லும், பாதுகாப்புத் துணிவகைகள் சிலவற்றுக்கு 2022-லும் வந்தன. ஆணை வராத பொருள்களில், சந்தையில் கிடைக்கும் மலிவான மஞ்சள் தொப்பியும் தரநிலைப்படி செய்த தலைக்கவசமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கல் விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஒரு தரநிலை எப்படிப் பிறக்கிறது என்பதை அண்மையில் நாடே பார்த்த நிகழ்வு 2020-இன் கோவிட் முழுவுடல் அங்கி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவப் பணியாளருக்கான இவ்வகை அங்கியை இந்தியா ஏறத்தாழ உற்பத்தி செய்யவேயில்லை. அதற்கென இந்தியத் தரநிலையும் இல்லை. திருப்பதியின் ஸ்விம்ஸ் போன்ற மருத்துவமனைகள் கோவிட் சிகிச்சைக்குத் தயாரான வாரங்களில், எந்த அங்கியை நம்பி நோயாளியின் அருகே போவது என்பதற்கு விடை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, துணி இரத்தத்தைக் கசியவிடுகிறதா என்று சோதிக்கும் கருவியை வைத்திருந்தது. தொடக்க வாரங்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாதிரிகள் அங்கே வந்து குவிந்தன. பிறகு பாதுகாப்புத் துறை ஆய்வகங்கள் முதலியவையும் சோதனையில் சேர்ந்துகொண்டன.

சோதனை எளியது, கறாரானது. அங்கியிலிருந்து வெட்டிய சதுரத் துண்டை ஓர் உலோகக் கலத்தின் வாயில் இறுக்கிப் பொருத்துவார்கள். கலத்துக்குள் சிவப்புச் சாயமேற்றிய செயற்கை இரத்தம். அதன் பரப்பு இழுவிசை மனித இரத்தத்தை ஒத்து மீட்டருக்கு 0.042 நியூட்டன் அளவில் வைக்கப்பட்டிருக்கும். தண்ணீரில் நனையாத துணியும் இதில் நனைந்துவிடக் கூடும். முதல் ஐந்து நிமிடம் அழுத்தமே இல்லை. பிறகு 1.75 கிலோபாஸ்கல், 3.5, 7, 14, 20 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். துணியின் மறுபக்கத்தில் ஒரு செம்புள்ளி தோன்றினாலும் அந்தப் படியில் தோல்வி. இந்திய சுகாதார அமைச்சகம் 3.5 கிலோபாஸ்கலைக் குறைந்தபட்சமாகக் கேட்டது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 16603-இல் அது மூன்றாம் நிலை. நல்ல துணியில் தைத்த அங்கிகள்கூடத் தையலில் கசிந்தன, ஏனென்றால் ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். தையலின்மேல் வெப்பக் காற்றால் ஒட்டுநாடா பதிக்கும் இயந்திரம் அந்த மாதங்களில் அரிய பொருளாயிற்று. தேறிய ஒவ்வொரு மாதிரிக்கும் தனிச் சான்று எண் தரப்பட்டது. மே மாதத்துக்குள் நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு 4 லட்சம் அங்கிகளைத் தாண்டியது. ஐஎஸ் 17423 என்ற இந்தியத் தரநிலையும் அதே ஆண்டில் வெளியானது. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை மாதக்கணக்கில் முடிந்தது என்பது சாதாரணச் சாதனையல்ல.

ஆனால் அதே அங்கிதான் குறையையும் காட்டியது. இரத்தத்தைத் தடுக்கும் துணி வியர்வையையும் தடுக்கும். அணிந்த செவிலியர் ஒரு பணிநேரம் முழுதும் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல், உள்ளே நனைந்தபடி நின்றனர். வெப்ப அழுத்தத்தை மதிப்பிடும் தொழில்சுகாதார முறைகள் இந்தச் சுமைக்கு ஓர் எண்ணே வைத்திருக்கின்றன. ஈரத்தையும் வெயிலையும் காற்றோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டில், சாதாரண வேலைத்துணிக்குக் கூட்டல் எதுவுமில்லை. ஆவி புகாத முழுவுடல் அங்கிக்கு 11 பாகை கூட்ட வேண்டும். குறியீடு 29 இருக்கும் ஒரு நாளில் அந்த அங்கிக்குள் இருப்பவரின் உடலுக்கு அது 40. அந்த நிலையில் தொடர்ந்து வேலை வாங்குவதே ஆபத்து. இந்த 11 பாகையைக் கணக்கில் கொண்டு, எவ்வளவு நேரம் அணியலாம், எவ்வளவு நேரம் கழற்றி ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும் அங்கியோடு சேர்த்து எழுதினால்தான் தரநிலை முழுமை பெறும்.

கிரானைட் குவாரியில் சிக்கல் வேறு. பாறையில் துளையிடும்போதும், பலகையாக அறுக்கும்போதும், மெருகேற்றும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, நுரையீரலில் தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனும் அந்த நோய்க்கு மருந்தில்லை. வந்தபின் தூசியிலிருந்து விலகினாலும் அது வளரக் கூடும். போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் செய்த திருத்தம், காற்றில் அனுமதிக்கத்தக்க அளவுகளின் பட்டியலைச் சேர்த்தது. சுவாசிக்கத்தக்க சிலிக்கா தூசிக்கு அது ஒரு வாய்பாட்டைத் தந்தது: குவார்ட்ஸ் விழுக்காட்டுடன் 2-ஐக் கூட்டி, அதனால் 10-ஐ வகுத்தால் வருவது ஒரு கன மீட்டரில் அனுமதிக்கத்தக்க தூசு, மில்லிகிராமில். குவார்ட்ஸ் 30 விழுக்காடு உள்ள வெளிர் கிரானைட்டுக்கு இது 0.31 மில்லிகிராம். அதில் குவார்ட்ஸின் பங்கு ஏறத்தாழ 0.09. அமெரிக்கா 2016-இல் வகுத்த வரம்பு 0.05. ஆக, இந்திய வரம்புக்குள் இருக்கும் குவாரியும் அங்கே வரம்பை மீறியதாகக் கருதப்படக் கூடும். சித்தூர் பகுதியில் வெட்டப்படும் கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு. வெளிர், இளஞ்சிவப்புக் கற்களில் அதிகம். பக்கத்துப் பக்கத்துக் குவாரிகளுக்கே ஆபத்து மாறுபடும் என்பதால், எந்த வகை முகக்கவசம் என்பதைக் காற்றை அளந்துதான் முடிவு செய்ய முடியும்.

ஐஎஸ் 9473 தூசுக் கவசங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. எஃப்எஃப்பி2 எனும் நடுவகை, சோதனைத் துகள்களில் குறைந்தது 94 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த 94 வடிகட்டியைப் பற்றிய எண். குவாரித் தொழிலாளியின் மூக்கருகே எவ்வளவு தூசு போகிறது என்பது கவசத்தின் விளிம்பு முகத்தோடு பொருந்துவதைப் பொறுத்தது. ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த வழியே போகும். நாலு நாள் தாடியே இடைவெளிக்குப் போதும்.

பொருத்தம் எந்த முகத்தை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை யோசிக்க வைப்பது. உலகெங்கும் பயன்பட்ட முகக்கவச அளவுத்தொகுதி, அமெரிக்க விமானப்படையினரிடம் 1967, 1968-இல் எடுத்த முக அளவுகளிலிருந்து லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. இளம் வயதினர், உடற்கட்டுத் தேர்வில் தேறியவர்கள். அது காலாவதியானது என்று கண்ட அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனம் நயோஷ், 2003-இல் ஏறத்தாழ 4,000 தொழிலாளரை மறுபடி அளந்து புதிய தொகுதியை உருவாக்கியது. அதிலும் அளக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்களே. குப்பம் பக்கத்துக் குவாரியில் கல் பொறுக்கும் பெண்ணின் மூக்குத்தண்டின் உயரம், தாடையின் அகலம் எதுவும் இந்த இரு தொகுதிகளிலும் இல்லை. ஆயத்த ஆடைகளுக்காக இந்திய உடல் அளவுகளைத் திரட்டும் பணியை நிஃப்ட் எனும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் காலணிக்கும் அதே முயற்சி வேண்டும். ஆண் அளவில் செய்த பாதுகாப்புக் காலணியைத் துணி திணித்துப் போட்டுக்கொண்டு சரிவில் ஏறும் பெண்ணுக்கு அந்தக் காலணியே ஆபத்து.

கவசத்துக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. துளையிடும் முனையில் தண்ணீர் பாய்ச்சினால் தூசு எழும் இடத்திலேயே படிந்துவிடும். ஆபத்தை அகற்று, இல்லையேல் மாற்று, இல்லையேல் பொறியியலால் அடக்கு, பிறகு வேலைமுறையைத் திருத்து, கடைசியாகத்தான் கவசம் என்ற வரிசையைத் தொழில்சுகாதாரத் துறை உலகெங்கும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. செலவு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. தண்ணீர்க் குழாய் அமைப்பதைவிட முகக்கவசப் பெட்டி வாங்குவது மலிவு.

பேட்டரித் தொழிலில் ஈயம் சுவாசத்தோடு கை வழியாகவும் உடலுக்குள் போகிறது. ஈய ஆக்சைடு தூசு விரலில் ஒட்டி, சோற்றோடும் பீடியோடும் வாய்க்குப் போகும். 1987-இன் பட்டியல் காற்றில் ஈயத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் வரம்பு வைத்தது. அமெரிக்கா 1978-லேயே 0.05 என்று குறைத்துவிட்டிருந்தது. கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் உள்ள அமர ராஜா நிறுவனத்தின் ஆலைகளை மூடுமாறு ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரல் இறுதியில் ஆணையிட்டது. தொழிலாளரின் இரத்தத்தில் ஈய அளவு என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது; உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. வழக்கின் நியாயம் எந்தப் பக்கமாயினும், இரத்தத்தில் ஈயம் என்ற அளவீடு பொதுவெளியில் பேசப்பட்டது நல்லது. கவசம் வேலை செய்கிறதா என்பதற்கு அதைவிட நேரான சோதனை இல்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

ஈயத் தொழிலில் உடை, ஆலை வாசல் வரைதான் கவசம். வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போனால் அதுவே நஞ்சைச் சுமக்கும் பொருள். மடியில் ஏறும் குழந்தையின் கைக்கும், துவைக்கும் பெண்ணின் கைக்கும் தூசு போகிறது. வளரும் மூளையைத்தான் ஈயம் கூடுதலாகத் தாக்குகிறது. ஆகவே ஈயத் தொழிலாளியின் உடைக்கான தரநிலை துணியோடு முடியக் கூடாது. வீட்டு உடைக்கும் வேலை உடைக்கும் தனித்தனி அலமாரி, இடையில் குளியலறை, உடையைத் துவைப்பது முதலாளியின் பொறுப்பு ஆகிய மூன்றும் அமெரிக்காவின் 1978 ஈய விதிகளில் இடம்பெற்றவை. சிறு அளவில் பழைய பேட்டரி உருக்கும் இடங்களில் இவை எதுவும் இருப்பதில்லை.

ஆபத்துக்கு ஏற்ற கவசம் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சித்தூர் மாவட்டத்தின் பலமனேர் சாட்சி. 2017 பிப்ரவரியில் அந்த மண்டலத்தில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போய் ஏழு பேர் மூச்சடைத்து இறந்தனர். முதலில் இறங்கியவர் விழ, காப்பாற்ற இறங்கியவர்கள் அடுத்தடுத்து விழும் கொடிய வரிசை இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடப்பது. மூடிய தொட்டியில் அழுகும் கழிவு ஆக்சிஜனைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை உமிழ்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5-க்குக் கீழே போனாலே அது ஆபத்தான இடம். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்குக்குத் தெரியாமல் போய்விடுகிறது; நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குபவர் நினைக்கும் நேரமே ஆபத்தின் உச்சம். வடிகட்டி முகக்கவசம் எவ்வளவு உயர்தரமானதாயினும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்க முடியாது. அங்கே வேண்டியது முதுகில் உருளை சுமக்கும் சுவாசக் கருவி, மேலிருந்து கயிற்றால் தூக்கும் முக்காலி, இறங்கும் முன் வாயு அளவி. சுவாசக் கருவிக்கு ஐஎஸ் 10245 இருக்கிறது. 2013-இன் மனிதக் கழிவகற்றும் பணி தடைச் சட்டத்தின் விதிகள் கழிவுநீர்த் தொட்டிப் பணிக்கான கவசங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. கழிவுநீர்த் தடத்தில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. ஒரு தொட்டிக்கு வேண்டிய முழுக் கருவித் தொகுதியும் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

பால் நிலையங்களின் அம்மோனியாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2020 ஆகஸ்ட் 20 அன்று பூதலப்பட்டு அருகே ஒரு பால் ஆலையில் அம்மோனியா கசிந்து 14 தொழிலாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், அனைவரும் பெண்கள். அம்மோனியா கழிவறை நெடியாய் மூக்கில் ஏறுவதால் எச்சரிக்கை உடனே கிடைக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு வகுக்கப்பட்ட வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்கு, உடனடி உயிராபத்து 300-இல். ஐரோப்பிய முறையில் அம்மோனியா வடிகட்டிக்குப் பச்சைப் பட்டை, கரிம ஆவிக்குப் பழுப்பு, துகளுக்கு வெள்ளை. சுவரில் தொங்கும் முகமூடியில் எந்த நிறப் பட்டை இருக்கிறது, அது எந்த ஆண்டு காலாவதியாகிறது என்பது பொட்டலம் கட்டும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசும் மாவட்டத்தில் வடிகட்டியின்மேல் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டால் அது தரநிலையின் எழுத்துக்குப் பொருந்தும், நோக்கத்துக்குப் பொருந்தாது.

இந்த மாவட்டங்களில் மிக அதிகமானோரைத் தொடும் ஆபத்து ஆலைகளுக்கு வெளியே, மாந்தோப்பில் இருக்கிறது. சித்தூரின் அடையாளமான தோதாபுரி, தமிழர் சொல்லும் பெங்களூரா அல்லது கிளிமூக்கு, கூழுக்குப் போகும் பழம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சினால் பிஞ்சே பிடிக்காது. அதனால் மருந்தடிப்பு தவிர்க்க முடியாத செலவாகிவிட்டது. வயலில் மருந்து கீழ்நோக்கி அடிக்கப்படும், கால்தான் அதிகம் நனையும். உயர்ந்த மாமரத்தில் விசைத்தெளிப்பானின் நீண்ட குழலை மேல்நோக்கிப் பிடித்து அடிப்பார்கள். மருந்து திரும்பத் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் சொட்டும், தூக்கிய கையின் வழியே அக்குளுக்கு வழியும். மடித்துக் கட்டிய லுங்கி, பழைய சட்டை, முகத்தில் ஒரு துண்டு: பெரும்பாலும் இதுவே கவசம். நனைந்த துண்டு மருந்தைத் தோலோடு ஒட்டவைத்துப் பிடித்திருக்கும்.

சட்டம் இங்கே பழையது, தெளிவானது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 39-ஆம் விதி, மருந்தைக் கையாள்பவருக்கு ஊடுருவாத, துவைக்கத்தக்க பாதுகாப்பு உடை, தலைமூடியோ தொப்பியோ, முன்கையின் பாதிவரை நீளும் கையுறை, தூசு புகாத கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் வேண்டும் என்கிறது. 40-ஆம் விதி சுவாசக் கவசங்களைச் சொல்கிறது. எழுதியவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் ‘ஊடுருவாத’ என்பதற்கு எண் இல்லை, சோதனை இல்லை. எண் இல்லாததால் எதையும் விற்கலாம். வெப்பத்தைக் கணக்கிடாததால் யாரும் அணிவதில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்தி வயலில் மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்குப் போனதும், இருபது பேர் அளவில் இறந்ததும் நாட்டின் கவனத்தை இந்த இடைவெளியின்மேல் திருப்பின.

எண்ணோடு எழுதப்பட்ட தரநிலை உலகில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 27065, 2011-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்டது, மருந்தடிப்பவரின் உடையை மூன்று நிலையாக வகுக்கிறது. துணியின்மேல் ஓர் அளவு மருந்துக் கரைசலைச் சொட்டி, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். முதல் நிலையில் 40 விழுக்காடு வரை இறங்கலாம், இரண்டாம் நிலையில் 5 வரை; மூன்றாம் நிலை கடும் நச்சுக்கு. முதல் நிலை ஏமாற்று வேலைபோலத் தோன்றலாம். அதன் நியாயம் வெப்பத்தில் இருக்கிறது. ஆபத்து குறைந்த மருந்துக்குப் பருத்திபோல் காற்றோடும் உடையை ஒருவர் நாள் முழுதும் அணிவார். ஆவி புகா அங்கியை அரைமணியில் கழற்றி எறிவார். அணிந்திருக்கும் 60 விழுக்காடு, மூட்டையில் கிடக்கும் 100 விழுக்காட்டைவிட மேல். இந்தத் தரநிலையின் பின்னால் பிரேசிலின் அனுபவம் பெரிது. தங்கள் வெப்பத்துக்கும் தங்கள் பயிருக்கும் ஏற்ப, நீர் ஒட்டாத பூச்சு ஏற்றிய, துவைக்கத்தக்க பருத்தி உடைகளை அங்குள்ள வேளாண் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் சோதித்தன. வெப்ப நாடு ஒன்று தன் உடலுக்கேற்ற தரநிலையை உலகத்துக்கே தர முடியும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் ஒரு நல்ல அடி பெங்களூரின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறது. அங்கு உருவாக்கி 2024 டிசம்பரில் வெளியிடப்பட்ட ‘கிசான் கவச்’ உடையின் துணியில், ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைத் தொட்டவுடன் சிதைக்கும் வேதிப்பொருள் பிணைக்கப்பட்டிருக்கிறது. மருந்தை வெளியே நிறுத்துவதற்குப் பதில் துணியிலேயே செயலிழக்கச் செய்வதால், துணி காற்றோட்டமாக இருக்கலாம். விலை ஏறத்தாழ 4,000 ரூபாய்; 150 முறை வரை துவைத்துப் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். மாந்தோப்பில் அடிக்கப்படுபவை ஆர்கனோபாஸ்பேட் மட்டுமல்ல. பைரித்ராய்டு, நியோநிகோட்டினாய்டு வகைகளும் உண்டு. எந்த மருந்துக்கு எந்த உடை என்பதை மருந்துப் புட்டியின் முக்கோண நிறக் குறியோடு இணைத்துச் சொல்ல வேண்டும். சிவப்புக்கு இந்த நிலை, மஞ்சளுக்கு இந்த நிலை என்று கடைக்காரரே சொல்லிவிடக் கூடிய எளிமையில் அது இருந்தால்தான் தோப்புக்குப் போய்ச் சேரும்.

2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய தொழிற்சாலைச் சட்டம் உட்படப் பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கி, தரநிலைகளை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் தந்திருக்கிறது. மேலே கண்ட குறைகளைத் திருத்த அதுவே தக்க வாய்ப்பு. தரநிலை வெளியாகும் முன் ஆய்வகச் சோதனையோடு களச் சோதனையும் கட்டாயமாக வேண்டும்: மே மாதத்துத் திருப்பதியில், உண்மையான வேலையில், ஆணும் பெண்ணும் அணிந்து, எத்தனை மணி நேரம் தாங்கினார்கள் என்ற எண்ணோடு. அந்தச் சோதனையை நடத்த இங்கேயே ஐஐடி இருக்கிறது, ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, வேளாண் கல்லூரி இருக்கிறது. சிட்ராவின் சோதனைக் கலம் கோயம்புத்தூரில், ஒரே நாள் பயணத் தொலைவில். வரைவுகள் தெலுங்கிலும் தமிழிலும் வெளியாக வேண்டும்; பிஐஎஸ் குழுக்களில் குவாரித் தொழிலாளர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும். அடுத்த மாம்பூப் பருவத்துக்குள் மருந்தடிப்பவரின் உடைக்கு ஒரு கட்டாய இந்தியத் தரநிலையாவது வரட்டும் என்று இரு மாவட்டத்து விவசாயச் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் தில்லியிடம் கேட்க வேண்டும்.